10 ஜிபி அரங்கேற்றமும் பிளேஸ்டேஷன் 3-உம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பென்டிரைவில் இருக்கும் பெரிய வீடியோவை சோனியின் கேம் கருவியான பிளேஸ்டேஷன் 3-இல் பார்க்க முயன்ற பலரும் ஒரே வரிசையில்தான் தடுமாறியிருக்கிறார்கள். 32 ஜிபி பென்டிரைவ் காலியாக இருக்கும். 10 ஜிபி கோப்பை அதில் காப்பி செய்யப் போனால், கோப்பு மிகப் பெரியது என்று விண்டோஸ் மறுத்துவிடும். இடம்தான் இருக்கிறதே என்று குழம்பி, யாரோ சொன்னார்கள் என்று பென்டிரைவை என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறையில் (டிரைவில் கோப்புகளை அடுக்கிவைக்கும் விதம்) ஃபார்மேட் செய்வார்கள். இப்போது காப்பி ஆகிவிடும். ஆனால் பிளேஸ்டேஷன் 3-இன் திரையில் பென்டிரைவே தெரியாது. கடைசியாக ஏதாவது ஒரு கன்வெர்ட்டரில் கோப்பைப் போட்டு, இரவு முழுக்க ஓடவிட்டு, 4 ஜிபிக்குள் சுருக்கி எடுத்து வருவார்கள். அது ஓடும். வேலை முடிந்தது என்று மூலக் கோப்பை அழித்துவிடுபவர்களும் உண்டு.

முதல் இரண்டு படிகளில் எதுவும் கெட்டுப்போவதில்லை, நேரம்தான் போகிறது. மூன்றாவது படியில்தான் படம் கெடுகிறது, அதுவும் திரும்ப மீட்க முடியாதபடி. இந்த ஆய்வின் நோக்கம் அந்த மூன்றாவது படி பெரும்பாலும் தேவையே இல்லை என்று காட்டுவது. "பெரிய கோப்பு ஓடவில்லை" என்று ஒரே வாக்கியமாகச் சொல்லப்படுவதற்குள் தனித்தனியான சில சிக்கல்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால், படத்தைத் தொடாமலேயே தீர்த்துவிடலாம்.

எடுத்துக்கொண்ட கோப்பு

கணக்கு தெளிவாக இருக்க, வீடுகளில் உண்மையாகவே இருக்கும் வகைக் கோப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம்: ஒரு பரதநாட்டிய அரங்கேற்றத்தின் பதிவு. நீளம் 2 மணி 40 நிமிடம், அதாவது 9,600 நொடி. படம் 1920×1080, நொடிக்கு 25 பிரேம், எச்.264 குறியாக்கம் (படத்தைச் சுருக்கி எழுதும் முறை), சராசரியாக நொடிக்கு 8 மெகாபிட். ஒலியை கேமராவின் மைக்கிலிருந்து எடுக்காமல், அரங்கின் மிக்ஸரிலிருந்து தனியாகப் பதிந்து, தரம் குறையாத ஃபிளாக் வடிவில் படத்தோடு சேர்த்திருக்கிறார்கள். இரண்டையும் ஒன்றாக வைத்திருப்பது எம்கேவி கோப்பு.

8 மெகாபிட் என்பது நொடிக்கு 1 மெகாபைட். எனவே படம் மட்டும் 9.6 ஜிபி. ஃபிளாக் ஒலிக்கு ஏறத்தாழ 1 ஜிபி. மொத்தம் பத்தரை ஜிபிக்குச் சற்று மேல்.

இதை 4 ஜிபிக்குள் அடக்க வேண்டுமென்றால் என்ன ஆகும் என்பதையும் இங்கேயே போட்டுப் பார்த்துவிடலாம். 9,600 நொடிக்கு அந்த இடத்தைப் பங்கிட்டால் நொடிக்குக் கிடைப்பது சுமார் 3.5 மெகாபிட், ஒலியையும் சேர்த்து. 8 இருந்த இடத்தில் பாதிக்கும் குறைவு. ஏற்கெனவே ஒருமுறை சுருக்கப்பட்ட படத்தை மறுபடி சுருக்குகிறோம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேடை விளக்குகளின் சிவப்பு, பின்திரையின் கறுப்பு, வேகமான ஜதிக்கு நகரும் பாதங்கள், முகத்தில் மாறும் பாவம் ஆகிய எல்லாமே குறைந்த பிட்ரேட்டில் (நொடிக்குக் கிடைக்கும் பிட் அளவு) முதலில் சிதைபவை. பல ஆண்டுகள் பயின்று ஒருமுறை ஆடிய அரங்கேற்றத்தை அப்படிச் செய்ய எனக்கு மனம் வராது.

முதல் தடை: நான்கு பைட்டுகள்

பிளேஸ்டேஷன் 3 ஜப்பானிலும் வட அமெரிக்காவிலும் 2006 நவம்பரில் விற்பனைக்கு வந்தது. ப்ளூ-ரே டிரைவ், எச்டிஎம்ஐ வெளியீடு, கிகாபிட் ஈதர்நெட் என்று அந்தக் காலத்தில் ஒரு வரவேற்பறைக் கருவிக்குக் கனவாக இருந்த வசதிகள் அதில் இருந்தன. ஆனால் வெளியிலிருந்து செருகும் யுஎஸ்பி டிரைவைப் பொறுத்தவரை அது படிக்கும் கோப்பு முறை ஃபேட்32 மட்டுமே. என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் இரண்டுமே அதற்குத் தெரியாது.

ஃபேட்32 வந்தது 1996-இல், விண்டோஸ் 95-இன் இரண்டாம் திருத்த வெளியீட்டோடு. அதில் ஒவ்வொரு கோப்புக்கும் 32 பைட் நீளமுள்ள ஒரு பதிவு உண்டு. பெயர், தேதி, தொடங்கும் இடம் எல்லாம் அதற்குள் இருக்கும். கோப்பின் அளவை எழுத ஒதுக்கியிருப்பது அந்தப் பதிவின் கடைசி 4 பைட். 4 பைட் என்றால் 32 பிட். அதில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,29,49,67,295. அதற்கு மேல் ஒரு பைட் கூடினாலும் அளவை எழுத அங்கே இடமில்லை.

பென்டிரைவில் எவ்வளவு காலி இருக்கிறது என்பதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. 32 ஜிபி காலியாக இருந்தாலும் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியை எட்டக் கூடாது, அவ்வளவுதான். வீட்டுக் கணினிகளின் ஹார்டு டிஸ்க்கே சில ஜிபி அளவில் இருந்த காலத்தில் போட்ட வடிவம் இது. ஒரே கோப்பு 10 ஜிபி இருக்கும் என்று அன்று யாரும் அதைத் தடையாக உணர்ந்திருக்க வாய்ப்பில்லை.

இதோடு இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. விண்டோஸின் சாதாரண ஃபார்மேட் ஜன்னல் 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவுக்கு ஃபேட்32 என்ற தெரிவையே நெடுங்காலம் காட்டவில்லை. 64 ஜிபி பென்டிரைவ்கள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட்டில்தான் கடைக்கு வருகின்றன. அதை அப்படியே செருகிவிட்டு "பிளேஸ்டேஷனின் யுஎஸ்பி போர்ட் போய்விட்டது" என்று முடிவுகட்டியவர்கள் இருக்கிறார்கள். ஃபேட்32 முறைக்கு இந்த 32 ஜிபி எல்லை கிடையாது. அது விண்டோஸின் ஃபார்மேட் கருவி தானாகப் போட்டுக்கொண்ட எல்லை. ஃபேட்32-க்கென்று தனியாக இருக்கும் சிறிய கருவிகளைக் கொண்டு 64, 128 ஜிபி டிரைவ்களையும் அந்த முறையில் தயார் செய்யலாம், பிளேஸ்டேஷன் 3 அவற்றைப் படிக்கும்.

ஜிபி கணக்கிலும் ஒரு எச்சரிக்கை. பென்டிரைவ் தயாரிப்பவர் 1 ஜிபி என்பதை நூறு கோடி பைட் என்று கொள்கிறார். விண்டோஸோ 107,37,41,824 பைட்டை 1 ஜிபி என்று காட்டுகிறது. எனவே நம்முடைய பத்தரை ஜிபி கோப்பு விண்டோஸில் பத்துக்கும் குறைவாகத் தெரியும். துண்டுகளாக வெட்டும்போது சரியாக எல்லைக்கோட்டில் நிற்க முயலாமல் 4,000 மெகாபைட்டிலேயே நிறுத்திக்கொண்டால் இந்தக் குழப்பம் எதுவும் தொடாது.

எக்ஸ்ஃபேட்டை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கத் தோன்றும். அதுவும் 2006-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டதுதான், முதலில் கையடக்கக் கருவிகளுக்கான விண்டோஸில். மேசைக் கணினிக்கு விஸ்டாவின் முதல் சர்வீஸ் பேக்கோடு 2008-இல்தான் வந்தது. அதன் முழு விவரக்குறிப்பை எல்லோரும் படிக்கும்படி மைக்ரோசாஃப்ட் வெளியிட்டதே 2019 ஆகஸ்டில். பிளேஸ்டேஷன் 3 வடிவமைக்கப்பட்ட நேரத்தில் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாக இருந்தது ஃபேட்32தான்.

அதே காலத்து மைக்ரோசாஃப்ட் கேம் கருவியான எக்ஸ்பாக்ஸ் 360-இன் கதை கொஞ்சம் சுவையானது. அதுவும் என்டிஎஃப்எஸ் படிக்காது. ஆனால் ஆப்பிளின் எச்எஃப்எஸ் பிளஸ் முறையைப் படிக்கும், மேக் கணினியில் தயார் செய்த ஐபாடைச் செருகிப் பாட்டுக் கேட்க வேண்டுமே! அந்த முறைக்கு 4 ஜிபி எல்லை இல்லை. எனவே மைக்ரோசாஃப்ட் கருவியில் பெரிய வீடியோ பார்க்க, ஆப்பிள் முறையில் டிரைவை ஃபார்மேட் செய்தவர்கள் உண்டு. பிளேஸ்டேஷன் 3-இல் அப்படி ஒரு பக்கவாட்டுக் கதவு இல்லை.

இரண்டாம் தடை: எம்கேவி

சரி, கோப்பை வெட்டி 4 ஜிபிக்குள் கொண்டுவந்து போட்டாலும் நம் அரங்கேற்றம் ஓடாது. பிளேஸ்டேஷன் 3 எம்கேவி கோப்பை ஏற்பதில்லை. இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் கன்வெர்ட்டரைத் திறக்கிறார்கள், தவறும் இங்கேதான் நடக்கிறது.

எம்கேவி, எம்பி4, எம்2டிஎஸ் எல்லாம் பாத்திரங்கள். சாம்பாரை எவர்சில்வர் தூக்கிலிருந்து டிபன் கேரியருக்கு மாற்றினால் சாம்பார் மாறிவிடாது. உள்ளே இருக்கும் எச்.264 படத்தை பிளேஸ்டேஷன் 3 நன்றாகவே படிக்கும். ப்ளூ-ரே தட்டுகளில் இருப்பதும் அதே எச்.264தான். எனவே படத்தின் ஒரு பிட்டைக்கூட மாற்றாமல் எம்கேவியிலிருந்து எடுத்து எம்2டிஎஸ்-க்குள் வைத்தால் போதும். இந்த வேலைக்கு மறுமக்சிங் என்று பெயர். பிளேஸ்டேஷன் 3 வைத்திருந்தவர்கள் இதற்கு அதிகம் பயன்படுத்தியது டிஎஸ்மக்சர் என்ற இலவசக் கருவி. எஃப்எஃப்எம்பெக் என்ற கருவி தெரிந்தவர்கள் அதிலேயே காப்பி என்ற விருப்பத்தைக் கொடுத்துச் செய்யலாம்.

எந்த வேலை நடக்கிறது என்பதை நேரமே காட்டிக்கொடுத்துவிடும். மறுமக்சிங்கில் கணினி கணக்கு எதுவும் போடுவதில்லை, படித்து அப்படியே எழுதுகிறது. சாதாரண ஹார்டு டிஸ்க்கில் 10 ஜிபி கோப்பு சில நிமிடங்களில் முடிந்துவிடும். மறுகுறியாக்கம் என்றால் ஒவ்வொரு பிரேமையும் பிரித்து மறுபடி சுருக்க வேண்டும், பழைய கணினியில் மணிக்கணக்கில் ஓடும். கருவி "இன்னும் 6 மணி நேரம்" என்று காட்டினால் நிறுத்திவிடுங்கள். அது உங்கள் படத்தை மாற்றிக்கொண்டிருக்கிறது.

எம்2டிஎஸ்-க்கு மாறும்போது கோப்பு கொஞ்சம் பருக்கும். அதில் தரவு 192 பைட் பொட்டலங்களாக அடுக்கப்படுகிறது. ஒவ்வொன்றிலும் குறைந்தது 8 பைட் தலைப்புக்கும் நேரக்குறிக்கும் போய்விடும், உள்ளடக்கத்துக்கு அதிகபட்சம் 184. ஆக 4 சதவீதத்துக்குச் சற்று மேல் கூடும். 3.95 ஜிபி எம்கேவியை மாற்றியபின் அது எல்லையைத் தாண்டிவிட்டதே என்று திகைக்க வேண்டாம், இதுதான் காரணம்.

மூன்றாம் தடை: உள்ளே இருப்பது

பாத்திரம் சரியானாலும் உள்ளே இருக்கும் படத்துக்கும் ஒலிக்கும் நிபந்தனைகள் உண்டு. கோப்பை மாற்றத் தொடங்கும் முன்பே மீடியாஇன்ஃபோ என்ற இலவசக் கருவியில் திறந்து பார்ப்பது என் பழக்கம், எல்லோருக்கும் அதையே பரிந்துரைப்பேன். ப்ரொஃபைல், லெவல், ரெஃபரன்ஸ் பிரேம்கள், ஒலி வடிவம் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் காட்டிவிடும்.

பிளேஸ்டேஷன் 3-க்குப் பாதுகாப்பான எல்லை ஹை ப்ரொஃபைல், லெவல் 4.1. ப்ரொஃபைல் என்பது குறியாக்கத்தில் எந்தெந்த உத்திகளைப் பயன்படுத்தலாம் என்ற வகைப்பாடு. லெவல் என்பது கருவி எவ்வளவு நினைவகம் ஒதுக்க வேண்டும், எவ்வளவு வேகமாகப் பிரிக்க வேண்டும் என்பதற்கான உடன்படிக்கை. ஒரு பிரேமை வரைய, முன்னால் பிரித்த சில பிரேம்களை நினைவில் வைத்திருக்க வேண்டும். இவைதான் ரெஃபரன்ஸ் பிரேம்கள். லெவல் 4.1-இல் அதற்கு 32,768 மேக்ரோபிளாக் (படத்தின் 16×16 புள்ளிக் கட்டம்) இடம் உண்டு. 1080 வரிப் படத்தின் ஒரு பிரேமுக்கு 8,160 மேக்ரோபிளாக். வகுத்தால் 4 பிரேம். 720 வரிப் படமென்றால் பிரேமுக்கு 3,600, எனவே 9 வரை போகலாம். தரத்தைக் கூட்டுகிறேன் என்று 1080-இல் 8, 16 ரெஃபரன்ஸ் பிரேம் வைத்துக் குறியாக்கம் செய்த கோப்புகள்தான் பிளேஸ்டேஷன் 3-இல் திணறுபவை, அல்லது அடியோடு மறுக்கப்படுபவை.

இங்கே இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. சில கோப்புகளின் தலைப்பில் (உள்ளே இருக்கும் விவரப் பகுதியில்) லெவல் 5.1 என்று எழுதியிருக்கும், உள்ளே ரெஃபரன்ஸ் பிரேம் 3 அல்லது 4தான் இருக்கும். குறியாக்கம் செய்தவர் லெவலைக் கவனிக்காமல் விட்டிருப்பார். அப்போது தலைப்பை மட்டும் திருத்தினால் போதும். டிஎஸ்மக்சரிலேயே லெவலை மாற்றி எழுதும் விருப்பம் உண்டு. உண்மையிலேயே எல்லையைத் தாண்டியிருந்தால்தான், அல்லது 10 பிட் நிறமோ 2013-இல் வந்த எச்இவிசி குறியாக்கமோ இருந்தால்தான், மறுகுறியாக்கம் தவிர வேறு வழியில்லை. அந்த நிலையிலும் அதற்கென்று ஒரு நகல் எடுத்துச் செய்ய வேண்டும், மூலக் கோப்பைத் தொடக் கூடாது.

நம் அரங்கேற்றக் கோப்பில் படம் ஹை ப்ரொஃபைல், லெவல் 4.1, ரெஃபரன்ஸ் பிரேம் 4. படத்துக்குச் சிக்கலில்லை. சிக்கல் ஒலியில். ஃபிளாக் வடிவத்தை பிளேஸ்டேஷன் 3 படிக்காது.

இரண்டு வழி உண்டு. ஏசி-3 (டால்பி டிஜிட்டல் என்ற சுருக்கிய ஒலி வடிவம்) ஆக மாற்றுவது ஒன்று. 448 கிலோபிட்டில் வைத்தால் மொத்த ஒலியும் சுமார் 540 எம்பிதான் வரும், சாதாரணப் பதிவுக்கு இது தாராளம். எம்2டிஎஸ் வடிவம் சுருக்காத எல்பிசிஎம் ஒலியையும் ஏற்கும், அது இன்னொரு வழி. ஃபிளாக்கை எல்பிசிஎம் ஆக விரித்தால் ஒரு துளியும் இழப்பில்லை. ஃபிளாக் சுருக்கியதே திரும்ப அப்படியே விரியும்படிதான். 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், இரண்டு சேனல் என்றால் நொடிக்கு 1.536 மெகாபிட், மொத்தம் 1.84 ஜிபி. இடம் கூடுதலாகப் பிடிக்கிறது. ஆனால் இது நட்டுவாங்கத் தாளமும் மிருதங்கமும் குரலும் மிக்ஸரிலிருந்தே எடுக்கப்பட்ட பதிவு. தாளத்தின் கூர்மையான உலோக ஒலியும் மிருதங்கத்தின் அடியும் மோசமான சுருக்கத்தில் எளிதில் மழுங்குபவை. இந்தக் கோப்புக்கு நான் எல்பிசிஎம்தான் தேர்ந்தெடுப்பேன். பென்டிரைவில் இடத்துக்குப் பஞ்சமில்லை.

டிடிஎஸ் ஒலி கொண்ட கோப்புகள் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். ப்ளூ-ரே தட்டில் டிடிஎஸ் வாசிக்கும் அதே பிளேஸ்டேஷன் 3, கோப்பாகப் போட்டால் ஒலியின்றி நிற்கும். ஒலியை மட்டும் ஏசி-3 ஆக மாற்றி, படத்தை அப்படியே வைத்தால் ஓடிவிடும்.

சுவரைத் தாண்டியது எப்படி

இப்போது கணக்கு: படம் 9.6, ஒலி 1.84, எம்2டிஎஸ் பொட்டலச் செலவு எல்லாம் சேர்த்து 12 ஜிபி. நொடிக்கு 1.24 மெகாபைட். 4 ஜிபி எல்லைக்குள் அடங்குவது சுமார் 57 நிமிடம். ஆக 160 நிமிடம் மூன்று துண்டுக்குள் வந்துவிடும்.

எளிய வழி, மூன்று தனிக் கோப்புகளாக வெட்டிவிடுவது. மறுகுறியாக்கம் இல்லாமல் வெட்டினால் கீபிரேம் (மற்ற பிரேம்களைச் சாராமல் முழுதாகப் பதிந்த பிரேம்) இருக்கும் இடத்தில்தான் வெட்ட முடியும். குறித்த நொடிக்கு ஓரிரு நொடி முன்பின் ஆகலாம். கருவியிடம் "4,000 எம்பிக்கு ஒரு வெட்டு" என்று சொல்லிவிட்டுப் போனால், வெட்டு விழும் இடம் வர்ணத்தின் நடுவே இருக்கக்கூடும். அரங்கேற்றத்தின் உயிரே அந்த வர்ணம்தான், அரை மணிக்கும் மேல் போகும் உருப்படி. நடுவில் திரை கறுத்து, ரிமோட்டைத் தேடி அடுத்த கோப்பை அழுத்துவது பார்ப்பவரின் ஓட்டத்தைக் கெடுத்துவிடும். எனவே நேரம் பார்த்து வெட்ட வேண்டும். புஷ்பாஞ்சலி, அலாரிப்பு, ஜதீஸ்வரம், சப்தம் முதல் துண்டில். வர்ணமும் அதை அடுத்த சிறப்பு விருந்தினர் பேச்சும் இரண்டாவதில். பதம், ஜாவளி, தில்லானா, மங்களம் மூன்றாவதில். ஒவ்வொன்றும் 57 நிமிடத்துக்குள் நிற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். எம்கேவிடூல்நிக்ஸ் கருவியில் நேரத்தைக் கொடுத்து முதலில் இப்படிப் பிரித்துவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றையும் எம்2டிஎஸ் ஆக்கலாம்.

வெட்டே தெரியாமல் ஓட வேண்டுமா? அதற்கும் வழி உண்டு. இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

சோனியும் பானாசோனிக்கும் சேர்ந்து 2006-இல் ஏவிசிஎச்டி என்ற வடிவத்தை அறிவித்தன. கையில் பிடிக்கும் வீடியோ கேமராக்களுக்கானது அது. அந்தக் கேமராக்கள் பதிவு செய்தது ஃபேட்32 முறையில் இருந்த மெமரி கார்டுகளில். ஆக, 4 ஜிபி சுவர் அவர்களுக்கும் இருந்தது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் நிறுத்தாமல் பதிவு செய்தால் கோப்பு எல்லையைத் தாண்டிவிடும். அவர்கள் கண்ட தீர்வு, பதிவைத் துண்டு துண்டாக எழுதிக்கொண்டே போய், எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு என்பதை ஒரு சிறிய பிளேலிஸ்ட் கோப்பில் குறித்துவைப்பது. ப்ளூ-ரே தட்டின் அமைப்பைச் சுருக்கி எடுத்ததுதான் இது. ஓட்டும் கருவி பிளேலிஸ்ட்டைப் படித்து, துண்டுகளை ஒரே படமாக ஓட்டும்.

பிளேஸ்டேஷன் 3 அந்தக் கேமரா கார்டுகளைப் படிக்கும்படி செய்யப்பட்டிருந்தது. எனவே நம் அரங்கேற்றத்தையும் ஒரு கேமராப் பதிவுபோல அடுக்கிக் கொடுத்தால் அது ஏற்றுக்கொள்கிறது. டிஎஸ்மக்சரில் ஏவிசிஎச்டி தட்டு என்ற தெரிவைக் கொடுத்து, துண்டின் அளவை 4,000 எம்பிக்குள் வைத்து ஓடவிட வேண்டும். பிடிஎம்வி என்ற அடைவு உருவாகும். அதை பென்டிரைவின் வெளிமட்டத்தில் ஏவிசிஎச்டி என்ற பெயருள்ள அடைவுக்குள் வைக்க வேண்டும். கேமரா கார்டுகளில் பெயர்கள் பழைய பாணியில் இருக்கும்: எட்டு எழுத்துப் பெயர், மூன்றெழுத்துப் பின்னொட்டு. எனவே எம்2டிஎஸ் பின்னொட்டை எம்டிஎஸ் என்றும், பிளேலிஸ்ட், கிளிப் விவரக் கோப்புகளின் பின்னொட்டுகளை அவற்றின் மூன்றெழுத்து வடிவத்துக்கும் மாற்ற வேண்டும். இதைக் கையால் செய்தால் ஒன்று விட்டுப்போகும். மல்டிஏவிசிஎச்டி என்ற கருவி இதையெல்லாம் தானே செய்து பிளேஸ்டேஷன் 3-க்கு ஏற்றபடி அடுக்கித் தரும்.

சரியாகச் செய்தால் வீடியோ பகுதியில் ஒரே ஒரு படவுருதான் தெரியும். அழுத்தினால் புஷ்பாஞ்சலியிலிருந்து மங்களம் வரை ஒரே ஓட்டம். துண்டுகள் சேரும் இடத்தில் ஒரு கணத் தடங்கல் சிலருக்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவே. 2006-இன் கேமரா வடிவமைப்பாளர்கள் தங்களுக்காகத் தீர்த்துக்கொண்ட சிக்கலின் பலன், அதே ஆண்டு வந்த கேம் கருவியில் நமக்கும் கிடைக்கிறது.

டிரைவே வேண்டாமென்றால்

ஃபேட்32 எல்லை டிரைவுக்குத்தான், கருவிக்கு இல்லை. கணினியில் என்டிஎஃப்எஸ் வட்டில் இருக்கும் கோப்பை வீட்டு நெட்வொர்க் வழியாக டிஎல்என்ஏ (வீட்டுக் கருவிகள் படத்தையும் ஒலியையும் பகிரும் முறை) முறையில் அனுப்பினால் 4 ஜிபி என்ற பேச்சே எழாது. விண்டோஸ் மீடியா பிளேயரின் பகிர்வு வசதியே போதும். பிஎஸ்3 மீடியா சர்வர் என்ற இலவசக் கருவி இன்னும் ஒரு படி மேலே போய், கருவிக்குப் புரியாததை ஓடும்போதே மாற்றியும் தரும். இதில் கேபிள் இணைப்பையே சொல்வேன். பிளேஸ்டேஷன் 3-இல் இருக்கும் வைஃபை பழைய வகை. பெயரளவில் 54 மெகாபிட் என்றாலும் நடைமுறையில் கிடைப்பது அதில் பாதிக்கும் குறைவு, வேகமான ஆட்டக் காட்சிகளில் பிட்ரேட் ஏறும்போது படம் நின்று நின்று வரும்.

யுஎஸ்பியின் வேகத்தைக் குறை சொல்பவர்களுக்காக ஒன்று. பிளேஸ்டேஷன் 3-இன் யுஎஸ்பி 2.0 நடைமுறையில் நொடிக்கு 30 மெகாபைட் அளவுக்குத் தரும், அதாவது 240 மெகாபிட். ப்ளூ-ரே தட்டின் படத்துக்கே உச்ச வரம்பு 40 மெகாபிட்தான். நம் கோப்பு கேட்பது 10. மலிவான பென்டிரைவும் இதைத் தாங்கும். படம் திணறினால் பென்டிரைவை மாற்றுவதற்கு முன் ரெஃபரன்ஸ் பிரேம்களைப் பாருங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் திரையில் ஒன்றும் தெரியவில்லை என்றால், கோப்பை வெளியே போட்டிருப்பீர்கள். வீடியோ என்ற பெயருள்ள அடைவுக்குள் இல்லாத கோப்புகளை பிளேஸ்டேஷன் 3 தானாகக் காட்டாது. டிரைவின் மேல் நின்று முக்கோணப் பொத்தானை அழுத்தி, எல்லாவற்றையும் காட்டும் தெரிவைக் கொடுத்தால் வந்துவிடும்.

பென்டிரைவைக் கணினியிலிருந்து எடுக்கும்போது "பாதுகாப்பாக நீக்கு" கொடுத்துவிட்டே எடுங்கள். ஃபேட்32-க்கும் எக்ஸ்ஃபேட்டுக்கும் என்டிஎஃப்எஸ் போல ஜர்னல் (செய்யப்போகும் மாற்றங்களை முன்பே குறித்துவைக்கும் பதிவேடு) கிடையாது. எழுதி முடிக்கும் முன் பிடுங்கினால், எதுவரை எழுதியது என்ற கணக்கே குலைந்து போகலாம். பென்டிரைவில் இருப்பது பார்ப்பதற்கான நகலாக மட்டும் இருக்கட்டும். ஃபிளாக் ஒலியோடு இருக்கும் மூல எம்கேவி கணினியிலும் இன்னொரு ஹார்டு டிஸ்க்கிலும் இருக்க வேண்டும்.

அடுத்த தலைமுறையில் அதே கோப்பு

2013 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 4-இல், தொடக்கத்தில் யுஎஸ்பியிலிருந்து வீடியோ பார்க்கும் வசதியே இல்லை. 2015 ஜூனில் மீடியா பிளேயர் செயலி வந்தபிறகே அது சாத்தியமானது. ஆனால் வந்தபோது இரண்டு பழைய தடைகளையும் ஒருசேர நீக்கியது: எக்ஸ்ஃபேட் டிரைவைப் படிக்கும், எம்கேவியையும் ஏற்கும். எச்.264-இல் லெவல் 4.2 வரை போகும். என்டிஎஃப்எஸ் மட்டும் இதிலும் கிடையாது. எனவே என்டிஎஃப்எஸ் ஹார்டு டிஸ்க்கைச் செருகிவிட்டுக் காத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

நம் அரங்கேற்றக் கோப்புக்கு அங்கே மிச்சமிருக்கும் வேலை ஒன்றே ஒன்று. அந்தச் செயலி எம்கேவிக்குள் ஏற்கும் ஒலி எம்பி3, ஏஏசி, ஏசி-3. ஃபிளாக்குக்கு இடமில்லை. படத்தைக் காப்பி என்று விட்டு, ஒலியை மட்டும் 640 கிலோபிட் ஏசி-3 ஆக்கி, எம்கேவியாகவே எக்ஸ்ஃபேட் பென்டிரைவில் போட்டால், பத்து ஜிபிக்கு மேற்பட்ட முழுப் பதிவும் ஒரே கோப்பாக வெட்டில்லாமல் ஓடும்.